நல்லூரில் கழற்றிய சட்டையை அநுராதபுரத்தில் போடச் சொல்லுங்கள்: தமிழகப் பயண அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு ஆட்களைக் கூட்டிவரும் பயண அமைப்பாளர்களுக்கு,

நீங்கள் பயணிகளின் கையில் கொடுத்து அனுப்பும் தாளில் பெட்டியின் எடை இருக்கிறது, பணம் மாற்றும் இடம் இருக்கிறது, எந்த ஊரில் சைவச் சாப்பாடு கிடைக்கும் என்பதுகூட இருக்கிறது. அதே பயணத்தில் ஐந்தாறு பௌத்தத் தலங்களுக்குள்ளும் அவர்களை அனுப்புகிறீர்கள். அங்கே எப்படி நுழைவது, எதைச் செய்யக்கூடாது என்று ஒரு வரி இல்லை. இதுவரை அந்தக் குறையை பஸ்ஸுக்குள் மைக்கைப் பிடித்து வழிகாட்டிகளான நாங்கள் ஈடுகட்டி வந்தோம். இந்தப் பருவத்தில் அதற்கும் கதவடைத்துவிட்டீர்கள். உங்களில் சிலர் அனுப்பியிருக்கும் புதிய அட்டவணையில் மாத்தளை வாசனைத் திரவியத் தோட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம், புத்தரின் பல் இருக்கும் கண்டி தலதா மாளிகைக்கு 40 நிமிடம். வழிகாட்டி வாசலில் இறக்கிவிட்டால் போதும், உள்ளே அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அடியில் ஒரு குறிப்பு வேறு.

அவர்களால் பார்த்துக்கொள்ள முடியாது. அது அவர்கள் குற்றமுமல்ல. கோயில் பழக்கமே இல்லாத ஒரு ஜெர்மன்காரர் விகாரைக்குள் தயங்கித் தயங்கி நுழைகிறார், பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் செய்கிறார். நம்மவர் தயங்குவதில்லை. பூ, விளக்கு, ஊதுபத்தி, உண்டியல் எல்லாம் கண்ணில் பட்டதும் நம்ம கோயில்தான் என்று கை தானாக வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. சிக்கல் பெரும்பாலும் தெரியாமையால் வருவதில்லை, தெரிந்த பழக்கத்தால் வருகிறது.

சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்குகிற குழு முதலில் நல்லூருக்குப் போகும். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. மறுநாள் நயினாதீவு. நாகபூஷணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அதே வெற்று மார்போடு, தோளில் துண்டோடு, சில நிமிட நடையில் இருக்கும் நாகதீப விகாரைக்குள் நுழைகிறார்கள். விகாரையில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும். நமக்கு மரியாதையாக இருக்கும் வெற்றுடம்பு அங்கே அவமரியாதை. கதிர்காமத்திலும் இதே கதைதான். மகா தேவாலயத்தில் முருகனை வணங்கிவிட்டுப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தால் கிரி விகாரை. அந்த நடைக்கு இடையில் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்ல ஒருவர் வேண்டும்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை இருந்தால் அதைவிட நல்ல உடுப்பு இல்லை. காவலர்கள் மறுபேச்சில்லாமல் உள்ளே விடுவார்கள். பெண்களிடம் வெள்ளை உடுத்தச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள், நம் ஊரில் அதற்கு வேறு பொருள் இருப்பதால். இங்கே சில் எனும் சீல நோன்பு எடுக்கும் சுமங்கலிகளும் வெள்ளைதான் உடுத்துவார்கள் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனம் ஒப்பாவிட்டால் வெளிர் நிறச் சேலை, சுடிதார் எதுவும் சரியே. கையில்லா ரவிக்கை, அரைக் காற்சட்டை, முழங்காலில் கிழித்துத் தைத்த ஜீன்ஸ், உடம்போடு ஒட்டிய லெக்கிங்ஸ் இவையெல்லாம் வாசலில் நிறுத்தப்படும். புத்தர் படம் அச்சிட்ட டீ-சர்ட்டைப் பக்தியோடு போட்டு வருகிறவர்களும் உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

இந்த ஆபத்து பேச்சுக்குச் சொல்வதல்ல. 2014-இல் மேற்கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பெண்ணைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதுசெய்து நாடு கடத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார். அவரை நடத்திய விதம் தவறென்று 2017-இல் இலங்கையின் உச்ச நீதிமன்றம் 8 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. நீதி கிடைத்தது உண்மைதான், மூன்று வருடம் கழித்து. உங்கள் பயணிக்கு விசா ஒரு மாதம். பச்சை குத்தியிருந்தால் முழுக்கைச் சட்டை போட்டு விமானம் ஏறச் சொல்லுங்கள்.

2012-இல் மூன்று பிரெஞ்சுப் பயணிகள் புத்தர் சிலைக்கு முத்தமிடுவதுபோல் படம் எடுத்தார்கள். படத்தைக் கழுவக் கொடுத்த காலிக் கடையிலிருந்தே பொலிசுக்குத் தகவல் போனது. 6 மாதச் சிறை, 5 ஆண்டுகளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. இப்போது கழுவக் கொடுக்க வேண்டியதில்லை, அடுத்த நிமிடமே படம் இணையத்தில் ஏறிவிடுகிறது. விதி எளிது. புத்தருக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. செல்ஃபி என்றாலே முதுகு காட்டுவதுதான், ஆகவே செல்ஃபி கிடையாது. சிலையைத் தனியாக எடுக்கலாம். ஆளோடு வேண்டுமென்றால் சிலையைப் பார்த்துக் கும்பிட்டபடி பக்கவாட்டில் நிற்கட்டும். சிலைபோலவே கையை வைத்து உட்கார்ந்து காட்டுவது, தோளில் கைபோடுவது, குழந்தையை மடியில் ஏற்றுவது இவற்றையெல்லாம் விளையாட்டாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய ஓவியம் இருக்கும் இடத்தில் ஃபிளாஷ் கூடாது. தம்புள்ளைக் குகைகளில் கூரை முழுக்க ஓவியம்.

பாழடைந்த இடம்தானே, பூசை நடக்காத சிலைதானே என்ற எண்ணத்தையும் களைய வேண்டும். பொலன்னறுவை கல் விகாரையில் 12-ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு காலத்தில் ஒரே பாறையில் செதுக்கிய நான்கு சிலைகள் உண்டு. கிடக்கும் சிலை மட்டும் சுமார் 14 மீட்டர். மண்டபமில்லை, மணியோசை இல்லை, ஆகையால் நம்மவருக்கு அது அருங்காட்சியகம்போலத் தெரிகிறது. சப்பாத்தோடும் தொப்பியோடும் ஏறிவிடுகிறார்கள். காவலர் விசில் ஊதுகிறார், அவருக்குச் சிங்களம் தவிர வேறு மொழி வராது, இவர்களுக்கு அது புரியாது, கூச்சல். அதே ஊரில் வட்டதாகே என்ற வட்டவடிவப் பழைய கட்டடத்திலும் இதுவே நடக்கிறது. சிலை எவ்வளவு சிதைந்திருந்தாலும் அது வணக்கத்துக்குரியது, சிலை நிற்கும் மேடை விகாரைதான். செருப்பு, தொப்பி, விரித்த குடை மூன்றையும் கீழேயே விட்டுவிட வேண்டும். நண்பகலில் கல்லும் மணலும் பாதத்தைப் பொசுக்கும். காலுறை அணியத் தடையில்லை, ஆகவே ஆளுக்கு ஒரு சோடி தடித்த வெள்ளைக் காலுறை கொண்டுவரச் சொல்லுங்கள். அநுராதபுரத்தில் ருவன்வெலிசாய என்ற பெரிய தூபியை வலம்வர வயதானவர்களைப் பகல் 12 மணிக்கு இறக்கிவிடுவது கொடுமை. காலை 9 மணிக்கு முன், அல்லது மாலை 4-க்குப் பின். வலம்வரும் திசை நம்முடையதுதான், அதில் குழப்பமில்லை.

படையலுக்கு வருகிறோம். இங்கேதான் மிக அதிகமாகக் கோளாறாகிறது.

புத்தருக்கு அர்ச்சனை கிடையாது. பெயர், நட்சத்திரம் கேட்டுச் சொல்ல அங்கே அர்ச்சகர் இல்லை, பிக்கு அர்ச்சகர் அல்ல. தேங்காய் உடைப்பது, கற்பூரம் காட்டுவது விகாரைக்குள் இல்லை. பூ வைக்கலாம்: தாமரை, நீலோற்பலம், மல்லிகை. வாசலில் வாங்கும் பூவைக் காம்பு கிள்ளி, தாமரையானால் இதழை மடித்து விரித்து, தண்ணீர் தெளித்து, இரண்டு கையாலும் ஏந்திப் போய்ப் பூப்பலகையில் வரிசையாக வைக்க வேண்டும். எறியக் கூடாது, முகரக் கூடாது, சிலையின் கழுத்தில் மாலை போட முயலக் கூடாது. வைத்துவிட்டுக் கும்பிட்டு இரண்டடி பின்னே நகர்ந்து, பிறகு திரும்ப வேண்டும். இதைவிட முக்கியம், வைத்த பூவைத் திரும்ப எடுக்கக் கூடாது. பிரசாதம் என்று நினைத்து இன்னொருவர் வைத்த பூவை எடுத்துத் தலையில் சூடிக்கொள்ளும் பெண்களைச் சிங்களப் பாட்டிமார் அதிர்ந்துபோய்ப் பார்க்கிறார்கள். புத்தருக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். காசும் அப்படியே. உண்டியலில் போடலாம், சிலையின் மடியிலோ உள்ளங்கையிலோ வைக்கக் கூடாது.

சிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வேண்டாம். விகாரை வாயிலில் நாகக் காவற்கல்லைக் கண்டதும் கைப்பையிலிருந்து மஞ்சளும் குங்குமமும் வெளியே வருகின்றன. அது ஆயிரம் வருடக் கல், குங்குமச் சாயம் கல்லின் நுண்துளைக்குள் இறங்கினால் போகாது, தொல்பொருள் சட்டத்தில் அது சேதம். விளக்கு ஏற்ற வெளியே தனி மேடை உண்டு. தேங்காயெண்ணெய் ஊற்றிய சிறு மண்விளக்கு, வாயால் ஊதி அணைக்கக் கூடாது. அரசமரத்தைக் கண்டால் பிள்ளைவரத்துக்குத் தொட்டில் கட்டுவது நம் வழக்கம். போதி மரம் புத்தர் ஞானம் பெற்றதன் நினைவு, அநுராதபுரத்தில் இருப்பது சங்கமித்தை கொண்டுவந்த கிளையின் மரம் என்று 2,000 வருடத்துக்கு மேலாகக் காக்கப்படுவது. இலை பறிப்பதும் கிளையில் நூல் சுற்றுவதும் கூடாது. மற்ற ஊர்ப் போதிகளில் வேருக்குத் தண்ணீர் ஊற்றக் குடங்கள் வைத்திருப்பார்கள், அதைச் செய்யலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். நெடுஞ்சாண்கிடையாக விழுவதும் இடத்தைப் பொறுத்தது. அவர்கள் முழங்காலிட்டு, கையையும் நெற்றியையும் தரையில் பதித்து வணங்குகிறார்கள், அதற்கு இரண்டடி இடம் போதும். தலதா மாளிகையின் மாடியில் ஒருவர் முழு நீளத்துக்கு விழுந்தால் வரிசையே அவர்மேல் தடுக்கும். புத்தர் முன் தோப்புக்கரணம் போட்டவர்களும் உண்டு. பல விகாரைகளில் பிள்ளையார் பக்கத்திலேயே இருப்பதால் வந்த மயக்கம், பாவம்.

அர்ச்சனை செய்தே தீரவேண்டும் என்கிறவர்களுக்கு வழி இருக்கிறது, அதை நீங்கள் சொல்வதே இல்லை. தலதா மாளிகையை ஒட்டி நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்கள், அதாவது தெய்வங்களுக்கான கோயில்கள். அங்கே கபுறாளை எனப்படும் பூசகர் இருப்பார், பழத்தட்டு வாங்கிக் கொடுத்தால் பெயர் சொல்லி வேண்டுதல் செய்து, ஒரு பங்கைத் திருப்பித் தருவார். தேங்காயும் அங்கே உடைக்கலாம். அந்தப் பத்தினி வேறு யாருமல்ல, நம் கண்ணகி. செங்குட்டுவன் எடுத்த கோயிலுக்கு வந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லும் இலங்கை மன்னன் கயவாகுவோடு அவள் வழிபாட்டை இங்கே இணைத்துப் பேசுகிறார்கள். ஆண்டுதோறும் கண்டியின் எசல பெரஹரா திருவிழாவில் ஐந்தாவதாக அவள் ஊர்வலம் வருகிறது. உங்கள் அட்டவணையில் கண்ணகி இல்லை, வாசனைத் தோட்டம் இருக்கிறது. பெண்கள் கூச்சத்தோடு எங்களிடம் கேட்கும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம்: மாதவிலக்குக்கு விகாரையில் தடையில்லை, தேவாலயத்தில் தீட்டுப் பார்ப்பார்கள்.

இனி அந்த 40 நிமிடம். தலதா மாளிகையில் கருவறைக் கதவு திறந்திருப்பது தேவாவ எனப்படும் பூசை நேரத்தில்: காலை 5.30, காலை 9.30, மாலை 6.30. மற்ற நேரத்தில் போனால் மூடிய கதவையும் யானைத் தந்தங்களையும் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான். திறந்திருக்கும்போதும் பல் தெரியாது. ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு பேழைகள், வெளிப்பேழை மட்டும் சாளரம் வழியே சில நொடி தெரியும். பல்லையே பொதுமக்களுக்குக் காட்டுவது அபூர்வம். 2009-க்குப் பிறகு 2025 ஏப்ரலில்தான் காட்டினார்கள். இதைச் சொல்லாமல் பல் கோயில் என்று விளம்பரம் போட்டு அழைத்துவந்தால், மாடியிலேயே நின்று பல் எங்கே பல் எங்கே என்று உரக்கக் கேட்கிறார்கள்.

கணக்குப் பாருங்கள். 1998 ஜனவரியில் நடந்த லொறிக் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு இங்கே உடற்சோதனை உண்டு, ஆண் பெண் தனி வரிசை. அந்தச் சோதனையில் எரிச்சல்படுவதும், காவலரோடு தமிழில் வாதாடுவதும் வேண்டாம், அந்த வாசலில் அதற்கொரு வரலாறு இருக்கிறது. பிறகு செருப்பு வைக்குமிடம், பிறகு சீட்டு. சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு, கடவுச்சீட்டைக் காட்டினால்தான். நீங்களோ கடவுச்சீட்டுகளைச் சேர்த்து ஹோட்டல் பெட்டகத்தில் வைக்கச் சொல்கிறீர்கள். 40 பேருள்ள குழுவுக்கு இவ்வளவுக்குமே அரை மணி. மாடி வரிசை இன்னும் அரை மணி முதல் முக்கால் மணி. 4 பேர் உடுப்புக்காகத் தடுக்கப்பட்டால் அவர்கள் எதிர்க்கடையில் சாரம் (கைலி) வாங்கி வரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். 9.30 தேவாவ அதற்குள் முடிந்துவிடும், அடுத்தது மாலை 6.30. கீழே ஹேவிசி மேளம் அடிப்பதைக் கேட்டு நிற்கவோ, பின்மண்டபத்தில் கலிங்க இளவரசி ஹேமமாலை கூந்தலில் மறைத்துப் புத்தரின் பல்லைக் கொண்டுவந்த கதையை ஓவியங்களில் பார்க்கவோ ஒருவருக்கும் நேரம் இருப்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து மாளிகையை யாரும் மரியாதையாகப் பார்த்துவிட முடியாது.

போயா நாளில் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பௌர்ணமியும் இங்கே பொது விடுமுறை, மதுக்கடையும் இறைச்சிக்கடையும் மூடியிருக்கும். நாட்காட்டியைப் புரட்டினால் தெரிவது. ஆனாலும் வருடா வருடம் வெசாக் பௌர்ணமி அன்று கண்டியில் மூன்று பஸ்ஸை நிறுத்த இடம் தேடுகிறோம்.

பிக்குகளைப் பற்றிக் கொஞ்சம். கைகுலுக்கக் கூடாது, தோளோடு ஒட்டி நின்று படமெடுக்கக் கூடாது, கேட்காமல் எடுக்கவே கூடாது. இரு கை கூப்பி வணங்கினால் போதும், அவர் திருப்பிக் கும்பிடமாட்டார், அது கர்வமல்ல, மரபு. எதைக் கொடுத்தாலும் இரண்டு கையால். பெண்கள் பக்கத்து மேசையில் வைத்துவிடுவது இருவருக்கும் எளிது. அவர் தாழ்ந்த ஆசனத்தில் இருக்கும்போது நாம் நாற்காலியில் உட்காரக் கூடாது, அவரை நோக்கியோ சிலையை நோக்கியோ கால் நீட்டக் கூடாது. இலங்கை பஸ்களில் முன்னிருக்கை மதகுருமாருக்கு, வயதானவர் என்றாலும் அதில் சட்டமாக உட்கார்ந்துவிடாமல் பார்த்து எழ வேண்டும். உணவு தானம் என்றால் பகல் 12-க்கு முன், அதன் பிறகு அவர்கள் திட உணவு கொள்வதில்லை. பிக்கு மீனோ இறைச்சியோ சாப்பிடுவதைக் கண்டு இதுதான் அகிம்சையா என்று கேட்டு மடக்குவது நம்மவருக்கு ஒரு சந்தோஷம். தானமாக வந்ததை ஏற்பது தேரவாத விநயத்தில், அதாவது துறவு விதிகளில், அனுமதிக்கப்பட்டது. அதேபோல், புத்தர் திருமாலின் அவதாரம்தானே என்று அவரிடமே போய் விளக்க வேண்டாம். அவர்களுக்கு அது இணக்கமான பேச்சல்ல, தங்கள் சமயத்தை விழுங்கப் பார்க்கும் பேச்சு.

ராமாயணப் பயணம் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. களனி விகாரைக்குள் விபீடணனுக்குத் தேவாலயம் இருப்பது உண்மை. ஆனால் அது விகாரைக்குள் இருக்கும் தேவாலயம், விபீடணன் கோயிலுக்குள் ஒரு புத்தர் இருக்கிறார் என்பதல்ல. மண்டபத்தில் பஞ்ச சீலம் எடுத்துக்கொண்டிருக்கும் மக்கள் நடுவே கொடி பிடித்துக் கோஷம் போட்டபடி நுழைந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் எழுதவேண்டுமா? இந்த நாட்டில் மதத்தையும் மொழியையும் ஒட்டி எவ்வளவு நடந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் நாலாம் நாள் விமானம் ஏறிவிடுவீர்கள். தமிழர் என்ற பெயரில் அந்த வாசலில் நாளைக்கும் நிற்க வேண்டியவர்கள் நாங்கள்.

இத்தனைக்கும் உங்கள் கப்பல் புறப்படும் நாகப்பட்டினத்தில்தான் ஸ்ரீவிஜய மன்னன் எடுத்த சூடாமணி விகாரை இருந்தது, ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தான். விகாரையில் எப்படி நடந்துகொள்வதென்று ஒரு காலத்தில் அந்த ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

நாங்கள் கேட்பவை இவை. அடுத்த குழு புறப்படுமுன் மேலே எழுதியவற்றைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுப் பயணச்சீட்டோடு கொடுங்கள், எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், படிப்பவர்களில் பாதிப்பேர் 60-ஐத் தாண்டியவர்கள். வேண்டிய வாசகத்தை நாங்களே எழுதித் தருகிறோம், காசு வேண்டாம். தலதா மாளிகைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி, அதைக் காலை 9.30 அல்லது மாலை 6.30 தேவாவவுக்கு அரை மணி முன்பாகத் தொடங்கும்படி அட்டவணையை மாற்றுங்கள், நேரம் போதாவிட்டால் வாசனைத் தோட்டத்தில் வெட்டுங்கள். போயா நாள்களில் கண்டியும் அநுராதபுரமும் வைக்காதீர்கள், தரிசனத்துக்காகவே வருகிற குழுவானால் அன்று வேறெதையும் வைக்காதீர்கள். ஒவ்வொரு பஸ்ஸிலும் 10 வெள்ளைச் சாரமும் 10 சால்வையும் இருக்கட்டும். கண்டி செல்லும் நாளில் கடவுச்சீட்டு அவரவர் கையில் இருக்கட்டும். விகாரைக்கு முன் 15 நிமிடம் பஸ்ஸில் பாட்டை நிறுத்திவிட்டு வழிகாட்டியைப் பேசவிடுங்கள், அவரை உள்ளேயும் கூட அனுப்புங்கள். வாசலில் விட்டால் போதும் என்ற குறிப்பை எடுத்துவிடுங்கள்.

அந்தக் குறிப்போடு வரும் அட்டவணையை இனி எங்களில் யாரும் ஏற்கப்போவதில்லை. அடுத்த பருவத்து அட்டவணையை அச்சுக்குக் கொடுக்குமுன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

தமிழில் வழிகாட்டும் சுற்றுலா வழிகாட்டிகள் சிலர்,
கண்டி.